அறுபதில் கற்ற கியர்

(பழைய மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் போன மாதம் ஃபோன் செய்து, "ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தாய் என்று பத்து நிமிடம் பேசு" என்றார். ஓய்வுக்குப் பிறகு காசிக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவில் பேரனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வுக்குப் பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம், காரில் கியர் மாற்றக் கற்றுக்கொண்டதுதான். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "முப்பது வருஷமா கார் ஓட்டுகிறவன் இப்பத்தான் கியர் மாற்றப் படிச்சானாம்!" சிரியுங்கள். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு சாயங்காலம் வரும்வரை நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் வங்கி வேலையிலிருந்து 2021-ல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் கையில் வந்த பணத்தில் ஒரு கார் வாங்கினேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் நம் மலருக்கு விளம்பரம் தரவில்லை என்று பொருளாளர் ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், ஆறு கியர், அதோடு டர்போ. அதற்கு முன் நான் ஓட்டியதெல்லாம் டர்போ இல்லாத வண்டிகள். அவை மிதித்தால் மிதித்த அளவுக்கு அப்போதே போகும், மிதிக்காவிட்டால் போகாது. கணக்கு அவ்வளவுதான்.

2022 ஆவணியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். வடசேரியிலிருந்து புறப்பட்டோம். பக்கத்தில் என் மனைவி. பின்னால் மகள், அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பேத்தி. வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டினோம். முன்னால் ஒரு லாரி, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் நாலாவது கியரில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். எதிர்ச்சாலை காலியாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே வந்து ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன்.

வண்டி போகவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி, எஞ்சின் முக்கிக்கொண்டே இருக்கிறது. எதிரே ஒரு பஸ், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வருகிறது. பின்வாங்கலாம் என்றால் லாரிக்குப் பின்னால் நான் விட்ட இடத்தை வேறொரு கார் அடைத்துவிட்டது. பிறகு திடீரென்று யாரோ முதுகில் எட்டி உதைத்ததுபோல வண்டி பாய்ந்தது. அந்தப் பாய்ச்சல் மட்டும் போதாது என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த லாரி டிரைவர் பிரேக்கை மிதித்து, வண்டியை இடது ஓரத்து மண்ணில் இறக்கி, எனக்கு இடம் கொடுத்தார். நாங்கள் உள்ளே நுழைந்தோம், பஸ் கடந்து போயிற்று. பேத்தி கண் விழிக்கவே இல்லை.

முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினேன். கை நடுங்கியது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருட இல்லறத்தில் அவள் திட்டாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. சற்று நேரத்தில் அதே லாரியும் வந்து நின்றது. அந்த வழியில் போகும் டிரைவர்கள் அம்மனைக் கும்பிடாமல் போவதில்லை. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் திருநீறு பூசிக்கொண்டு வந்து கேட்டது இதுதான்: "ஐயா, நாலுலயா ஏறுனீக? மூணுக்கு இறக்கிட்டுல்லா ஏறணும்? டர்போ வண்டி, மூச்சு வர நேரம் எடுக்கும்லா."

நண்பர்களே, அவர் எட்டாம் வகுப்பு தாண்டியிருப்பாரோ என்னவோ. நான் இந்தக் கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தவன். அவர் சொன்னது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பந்தலில் உட்கார்ந்தால் கண்ணில் படுவது என்ன? காற்றாலைதான். தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வர, இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று விநாடிக்கு மூன்று, நாலு மீட்டர் வேகமாவது அடித்தால்தான் காற்றாலை மின்சாரம் தரத் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் தென்றல். உடம்புக்கு இதம், ஆலைக்குப் பயனில்லை. என் காருக்குள் இருப்பதும் ஒரு காற்றாலைதான் என்று அப்போது உறைத்தது.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் எரித்துத் தள்ளும் புகை சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது அல்லவா? அந்தப் பாதையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறு சக்கரத்தை வைத்தார்கள். புகை அதைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் கூடவே பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சின்போல வேலை செய்யும். முழு வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. புகை குறைந்தால் சக்கரம் சோம்பிவிடும். நீங்கள் மிதித்த பிறகுதான் புகை கூடி, சக்கரம் வேகமெடுத்து, காற்று உள்ளே வரவேண்டும். அந்த இடைவெளிதான் அன்று எங்கள் நாலு பேர் உயிரும் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு விநாடி.

இந்தக் காற்றாடியை யோசித்தவர் ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 1905-லேயே காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், காற்று மெலிந்த இடத்தில் டர்போ எப்படி வேலை செய்கிறது என்று சோதித்தார். கடைக்கு விற்பனைக்கு வந்த கார்களில் டர்போ வந்தது 1962-ல், அமெரிக்காவில். பந்தயக்காரர்களும் இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். 1977-ல் ரெனால்ட் கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. அது அடிக்கடி புகைவிட்டுக்கொண்டு நின்றுபோனதால் "மஞ்சள் டீ கெட்டில்" என்று கேலி செய்தார்கள். இரண்டே வருடத்தில், 1979-ல், அதே கம்பெனியின் டர்போ கார் பிரான்சில் வென்றபோது கேலி நின்றது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் வளைவு முடியும்போது சக்தி வேண்டுமென்றால் வளைவின் நடுவிலேயே மிதித்து வைக்க வேண்டியிருந்தது. கேட்டு வைத்தால்தான் வேண்டிய நேரத்துக்குக் கிடைக்கும்.

கல்யாணத்திலிருந்து திரும்பும்போது மகள்தான் ஓட்டினாள். அதன் பிறகு இரண்டு மாதம் நான் சாவியைத் தொடவில்லை. ஒருநாள் மகள் சொன்னாள்: "அப்பா, பயந்துபோய் விட்டுட்டா பயம்தான் மிஞ்சும். முறையா படிங்க." அவள் மெக்கானிக்கல் என்ஜினீயர், கார் பைத்தியமும்கூட. அப்பனுக்கு மகள் ஆசிரியை ஆனாள்.

முதல் பாடம் வீட்டு முற்றத்தில், எஞ்சினை ஓட விடாமல். கிளட்ச், கியர், கிளட்ச், கியர் என்று அரை மணி நேரம். "கியர் கம்பியை முஷ்டியாப் பிடிக்காதீங்க. உள்ளங்கையால் தள்ளுங்க" என்றாள். அதற்குக் காரணம் இருக்கிறது. அவசரத்தில் முறுக்கிப் பிடித்து இழுத்தால் ஐந்திலிருந்து நாலுக்குப் போவதற்குப் பதில் இரண்டில் விழும். எஞ்சின் தாங்க முடியாத வேகத்தில் சுழன்று உள்ளே உடையும். தானாக மிதித்து அதிகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் தடுத்துவிடும். சக்கரம் பிடித்துச் சுற்றினால் அதைத் தடுக்க யாராலும் முடியாது.

இரண்டாவது பாடம் மேலே ஏற்றுவது. பழைய பழக்கத்தில் நான் எஞ்சின் அலறும்வரை மிதித்து அப்புறம் மாற்றுவேன், இல்லையென்றால் மைலேஜுக்கு ஆசைப்பட்டு 1,500 சுற்றிலேயே மாற்றுவேன். இரண்டுமே டர்போவுக்கு ஆகாது. என் வண்டியில் காற்று நன்றாகத் திணிவது ஏறக்குறைய 1,800 சுற்றுக்கு மேல்; 5,000 தாண்டினால் இழுவை குறைகிறது. வேகம் வேண்டுமென்றால் இரண்டாவது கியரில் 5,000-ல் மாற்றினால் மூன்றாவதில் முள் 3,300-க்கு வந்து நிற்கும். அங்கே டர்போ விழித்தபடியே இருக்கிறது. மாற்றும்போது காலை எடுத்துவிட்டு நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தால் புகை நின்று சக்கரம் தளர்ந்துவிடும். அதனால் காலும் கையும் சேர்ந்து இயங்க வேண்டும். சேர்ந்து என்றுதான் சொன்னேன். அடித்துப் போடு என்று சொல்லவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்றுகிற வித்தையைச் சிலர் செய்கிறார்கள். அதற்கென்று தயாரித்த வண்டிகள் உண்டு. நான் என் வண்டியில் செய்து பார்த்தேன். கிளட்ச் கருகிய வாடை வடசேரி கனகமூலம் சந்தை வரைக்கும் போயிருக்கும். கிளட்ச் பிளேட் மாற்ற ஆன தொகையை, என் மனைவி அரங்கத்தில் இருப்பதால், இங்கே சொல்லப்போவதில்லை.

மூன்றாவது பாடம்தான் உயிர் காக்கும் பாடம்: கீழே இறக்குவது. என் வண்டியில் நாலாவது கியரில் 60 கிலோமீட்டரில் முள் 2,000-ல் நிற்கும். அதே வேகத்தில் மூன்றுக்கு வந்தால் 2,900 வேண்டும். அந்த 900 சுற்றை யார் கொடுப்பது? நீங்கள் கொடுக்காமல் கிளட்சை விட்டால் சக்கரம் இழுத்துக் கொடுக்கும். வண்டி குலுங்கும், கிளட்ச் தேயும், மழை நாளில் டயர் வழுக்கவும் செய்யும். கிளட்சை மிதித்திருக்கும் அந்த நொடியில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சின்னதாக ஒரு ரேஸ் கொடுத்து, எஞ்சினை அந்த வேகத்துக்கு உயர்த்திவிட்டால், கிளட்சை விடும்போது ஒன்றுமே தெரியாது. உள்ளே தூங்குகிற குழந்தை விழிக்காது.

மகள் இதைச் சொன்னபோது எங்கேயோ கேட்ட பாட்டுப்போல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. டிரைவர் மாமா!

எங்கள் தெருவில் குடியிருந்தவர், பஸ் டிரைவர். நான் இங்கே படித்த காலத்தில், 1980 வாக்கில், அவர் பஸ்ஸில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையைப் பிடிக்க எங்களுக்குள் போட்டியே நடக்கும். அவர் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பார். முதல் மிதியில் கியரை எடுத்து நடுவில் விடுவார், கிளட்சை விட்டு ஒரு ரேஸ் கொடுப்பார், மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவார். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல இருக்கும். ஏன் மாமா என்று கேட்டேன். "உள்ள ரெண்டு பல்சக்கரமும் ஒரே வேகத்துல சுத்துனாத்தான் மக்கா கை குடுக்கும். இல்லேன்னா கடிக்கும்" என்றார்.

நான் சும்மா இருந்தேனா? புதிதாகப் படித்த மேதாவித்தனம். பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் ஏற்பாடு அமெரிக்கக் காரில் 1928-லேயே வந்துவிட்டது, இனி வரும் வண்டிகளுக்கு உங்கள் வித்தை தேவைப்படாது என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா இறக்கத்துல போகும்போது என்ன கியர்லடே ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. அது மட்டும் மறக்காண்டாம்" என்றார். சங்கத் தலைவர் அவர்களே, அன்று நான் சொன்னது புத்தகத்துக்குச் சரி. பல்சக்கரத்தைச் சமப்படுத்தப் பித்தளை வளையம் இருக்கிறது. எஞ்சினைச் சமப்படுத்த இன்றைக்கும் ஓட்டுகிறவனின் வலது கால்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பத்திரண்டு வருடமும் ஒரு லாரி டிரைவரும் தேவைப்பட்டார்கள்.

நாலாவது பாடத்துக்காக மகள் என்னைக் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு பயிற்சி நாளுக்கு அழைத்துப் போனாள். வேகமாக ஓட்டிப் பழக வேண்டியது அதற்கென்று உள்ள தடத்தில். ஊர்ச்சாலையில் அல்ல என்பதில் அவள் கண்டிப்பு. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கோவை கரிவரதன்தான், மாருதி 800 எஞ்சினை வைத்து 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர். பெரிய பணக்காரர்கள் அல்லாத பையன்களும் பந்தயத்துக்குள் நுழைய அது வழி திறந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். பத்து வருடம் கழித்து, 2005-ல், அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னைப் பக்கம் சோழவரத்தில் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்ததும், பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நம் தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு வேர் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

அங்கே சொல்லிக்கொடுத்தது பந்தயக்காரர்களின் பிரசித்தமான வித்தை: வலது காலின் முன்பாதத்தால் பிரேக், அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டருக்கு ஒரு தட்டு, இடது காலால் கிளட்ச். மூன்று மிதிக்கு இரண்டு கால். அறுபது வயதில் கணுக்காலை அப்படித் திருப்பினால் என்ன ஆகும்? காலையெல்லாம் வண்டி குதித்தது, மத்தியானம் என் முட்டி குதித்தது. கடைசியில் தெரிந்த உண்மை என்னவென்றால், என் வண்டியில் பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆக்சிலேட்டரைத் தட்டினால் பாதுகாப்புக்காகக் கம்ப்யூட்டர் அதைச் சட்டையே செய்யாது! பயிற்சியாளர் சிரித்துவிட்டு, "சார், உங்களுக்கு இது ஆண்டாம், பிரேக்கை முதலில் முடியுங்க, அப்புறம் தட்டி இறக்குங்க, அப்புறம் திரும்புங்க. ஒவ்வொண்ணா" என்றார். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பது அந்த 'ஆண்டாமி'ல் தெரிந்தது. வளைவுக்கு முன்பே எல்லா வேலையையும் முடித்துவிட்டால், வளைவுக்குள் ஸ்டியரிங் மட்டும்தான் வேலை. அன்று நான் கற்றதில் பெரியது இதுதான்.

பேச்சின் முடிவுக்கு வருகிறேன். டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். இப்போது வரும் டீசல் கார் ஏறக்குறைய எல்லாமே டர்போதான். உங்களுக்குச் சில விண்ணப்பங்கள். முந்துவதற்கு வெளியே வந்த பிறகு கியரை இறக்காதீர்கள்; லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே இறக்கி, எஞ்சினுக்கு மூச்சு வந்துவிட்டதா என்று காதால் கேட்டு, அதன் பிறகு வெளியே வாருங்கள். 45 கிலோமீட்டரில் நாலாவது கியரில் எனக்கிருந்தது 1,500 சுற்று. மூன்றில் இருந்திருந்தால் 2,200. அந்த 700 சுற்றுதான் அன்று இல்லாமல் போனது. பெரிய கியரில், குறைந்த சுற்றில், முழு மிதி மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பாய்ச்சும் டர்போ எஞ்சின்களில் பொறி வருமுன்னே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடக் கூடும். கிளட்ச் மேல் காலையும், கியர் கம்பி மேல் கையையும் ஓய்வெடுக்க விடாதீர்கள். வேகமாக ஓட்டி வந்து நின்றால் ஒரு நிமிடம் எஞ்சினை அப்படியே ஓடவிட்டு அணையுங்கள். சூடான டர்போவுக்கு எண்ணெய் ஓடி ஆறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் வந்தால் முந்தாதீர்கள். லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனதால் யாருக்கும் கல்யாணம் தவறியதில்லை.

டிரைவர் மாமாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. வடசேரியிலேயே மகன் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. போன தை மாதம் அவரை என் வண்டியில் உட்காரவைத்து ஆரல்வாய்மொழி வரைக்கும் போய் வந்தேன். நான் யாரிடமும் பரீட்சை எழுதி இவ்வளவு பயந்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். தோவாளைக்கு அப்பால் ஒரு டிராக்டருக்குப் பின்னால் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன். ஒரு தட்டு, கிளட்ச், அவ்வளவுதான்.

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கடிக்கல."

கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் பைய போ மக்கா" என்றார்.

 வந்தவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். அடுத்த சந்திப்பிலும் இதே முகங்களை இதே எண்ணிக்கையில் பார்க்க வேண்டும்.